துத்தம் போடாத பசை

மைதா மாவை அண்டாவில் கொட்டிக் கிண்டி, கொதி வந்ததும் ஒரு டப்பா மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். அட்டைப்பெட்டி கம்பெனியில் வெள்ளைத்தாய்க்கு அதுதான் வேலை. அந்த நீல விஷப்பொடி விழாவிட்டால் பசை வெறும் கூழ்தான். பெட்டி கோடவுனுக்குப் போய்ச் சேர்ந்ததும் எலியும் கரப்பானும் பந்தி போட்டு உட்கார்ந்துவிடும்.

தொண்ணூறாம் வருஷ வாக்கில் ராஜபாளையத்தில் அட்டைப்பெட்டிக்கு அப்படி ஒரு கிராக்கி. அதற்கு முன்பெல்லாம் பேண்டேஜ் துணி பலகைப்பெட்டியில் ஆணி அடித்துத்தான் போகும். ஒரு பெட்டியை லாரியில் ஏற்றுவதற்குள் லோடுமேனுக்கு முதுகு விட்டுப்போகும். "காயிதத்துல பெட்டி செஞ்சு சரக்கு அனுப்பவா?" என்று சிரித்த முதலாளிமார்களே பிறகு அட்டைப்பெட்டிக்கு முன்பணம் கட்டிக் காத்துக் கிடந்தார்கள். வீட்டுக்கு வீடு அந்தப் பெட்டிதான். துணி வைக்க, பிள்ளைகளின் புத்தகம் வைக்க, கோழியை அடைகாக்க வைக்க. கிழிந்தால் பாய்க்கு அடியில் விரிப்பார்கள், அதற்கும் ஆகாவிட்டால் அடுப்பில் வைப்பார்கள்.

வெள்ளைத்தாயின் மகள் மாரி, நாலு வயது, பெட்டிக்குள்ளேயேதான் வளர்ந்தாள். அப்பன்காரன் இன்னொருத்தியோடு கம்பம் பக்கம் குடித்தனம் நடத்தப் போய்விட்டான். அந்த மகராசனைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பிள்ளைகுட்டிகளை ஷெட்டுக்குள் கூட்டிவந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்பது முதலாளியின் கண்டிப்பு. ஸ்டோர் பார்த்த ரத்தினம் அண்ணாச்சிதான், "அது பாட்டுக்கு மூலைல கெடக்கட்டும். மொதலாளி வந்தா நான் பாத்துக்கிடுதேன்" என்று ஒரு பெரிய பெட்டியை மடக்கி அதற்குள் பிள்ளையை உட்கார வைத்தார். வெள்ளைத்தாய்க்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் தினமும் வந்து பசையை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பார். உடனே காறித் துப்புவார். "நாக்கைச் சுருக்குனு இழுக்கணும். அப்பந்தான் துத்தம் சரியா விழுந்துருக்குன்னு அர்த்தம்." ஒரு மாதம் போனதும் அதை விட்டுவிட்டார். "ஒங் கைப்பக்குவம் எனக்குத் தெரியாதாட்டி?" என்றார். அந்த ஒரு சொல்லை அவள் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனாள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் மாரி பசையை அள்ளித் தின்றுவிட்டாள். இளஞ்சூடாய், மாவு வாசத்தோடு இருந்தால் பசிக்கிற பிள்ளைக்குக் கூழென்றும் பசையென்றும் தெரியுமா? வீட்டுக்குப் போகிற வழியில் நீலமும் பச்சையுமாக வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் கழுவினார்கள். இன்னொரு தடவை உள்ளே போனால் பிள்ளை மிஞ்சாது என்றார் டாக்டர்.

அண்ணாச்சியிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டித் தூணில் முடிந்தாள். கயிறு எட்டுகிற தூரத்தில் கிடந்த அட்டைத் துண்டை எடுத்து, அதன் விளிம்பில் வழிந்திருந்த பசையை நக்கிக்கொண்டிருந்தாள் மாரி. வெள்ளைத்தாய் ஓடிப்போய் அதைப் பிடுங்கி எறிந்தாள். அன்றைக்கு அண்ணாச்சி அளந்து கொடுத்த துத்தத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த சாக்கடையில் கொட்டினாள். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளையை உள்ளே விட்ட மனுஷனுக்கும் ஏச்சு விழுமே என்று தனக்குத் தானே ஒரு நியாயம் பேசிக்கொண்டாள். உண்மையில் பயம், வேறொன்றுமில்லை. எட்டு நாள் அப்படியே ஓட்டினாள். ஒன்பதாம் நாள் செட்டியார்பட்டி பால்வாடியில் மாரியைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து மறுபடியும் துத்தத்தைப் போட்டாள்.

ஐப்பசி மழையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோடவுனிலிருந்து வேன் திரும்பி வந்தது. பெட்டியைத் தூக்கினால் அடிப்பக்கம் கழன்று விழுந்ததாம். வெள்ளை வெளேரென்ற பேண்டேஜ் சுருளெல்லாம் எலிப்புழுக்கையில் கிடந்ததாம். முதலாளி இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"டப்பா நெறையத் தந்தானா இவன்? சொல்லு."

வெள்ளைத்தாய் தலை நிமிரவில்லை. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று விழுந்தது.

"அந்தப் புள்ளைய ஏன் மொதலாளி மெரட்டுதிய?" என்றார் ரத்தினம். "அது போட்டிருக்கும். வந்த சரக்குதான் மட்டமா இருக்கும்."

"மட்டமாவா? நல்லதைச் செடிக்கு மருந்தடிக்கத் தோட்டக்காரனுக்கு வித்துட்டு உப்பைக் கலந்து வச்சது நீதானேலே? இந்தப் புள்ள அழுகையிலேயே தெரியுதே."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாளைக்கு உலை இல்லை. கம்பெனி தொடங்கின நாளிலிருந்து ஸ்டோர் சாவியை வைத்திருந்த மனுஷன் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

அவரை வேறெந்தக் கம்பெனியிலும் சேர்க்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால், "அண்ணாச்சி, துத்தம் கிலோ என்ன வெலைக்குப் போகுது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இரண்டு மாதம் தாங்கிப் பார்த்தார். பிறகு வ. புதுப்பட்டியில் மச்சினன் தோப்புக்குக் காவலுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டார்.

புறப்படுகிற அன்று காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெள்ளைத்தாய் வீட்டுக்கு வந்தார்.

"நாலு பெட்டி இருந்தாக் குடுட்டி. பாத்திரம் பண்டத்தைக் கட்டணும்."

கோடவுனிலிருந்து திரும்பி வந்ததில் கடிபடாத பெட்டிகளை ஆளாளுக்கு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவளும் ஆறு கொண்டுவந்து மடித்துச் சுவரோரம் வைத்திருந்தாள்.

"அது வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்கு வேற நல்லதாக் கொண்டாரேன்."

"பத்து மணி வண்டிக்குப் போறேன். நாளைக்கு எங்க?"

அவரே ஒன்றை உருவி எடுத்தார். ஒட்டின விளிம்பை அழுத்திப் பார்த்தார். பழக்கதோஷம், காய்ந்த பசையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். அவர் துப்புவதற்காக அவள் காத்து நின்றாள்.

அவர் துப்பவில்லை.

மறுபடி சுரண்டி வைத்துப் பார்த்தார். பிறகு வாசலில் குத்தவைத்துப் பழைய சோறு தின்றுகொண்டிருந்த மாரியைப் பார்த்தார்.

"ஆடி மாசம் இதுக்கு வந்தது காய்ச்சல் இல்ல, என்ன?"

"இல்ல அண்ணாச்சி" என்றாள்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாமேட்டி. நானே கொண்டுபோய்ச் சாக்கடைல கொட்டிருப்பேனே."

ஏசியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். நாலு பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டினார். கயிறு போதாததற்கு அவள் வீட்டுக் கொடிக்கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது மாரியின் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளைத்தாய் பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கம்பெனிக்குப் போனாள். வண்டி பத்து மணிக்குத்தான். இப்போது சொன்னால்கூட ஆள் விட்டுப் பஸ் ஸ்டாண்டில் மறித்துக் கூப்பிட்டுவிடலாம். சொல்லிவிடத்தான் போனாள். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். முதலாளி ரூம் வாசலில் நின்றபோது மணி எட்டரை.

ரத்தினம் போன பிறகு துத்தம் முதலாளியின் மேசைக்கு அடியில்தான் இருந்தது. முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மொதலாளி" என்றாள் வெள்ளைத்தாய். "துத்தம் வாங்க வந்தேன்."