பத்தாவது லெவலில் ஒரு கை

அம்மன் திருவிழாவுக்கு அந்த வீட்டுப் பால்குடத்தை மூத்த மருமகள் பார்வதம்மாதான் எடுப்பாள். இந்த வருஷம் ஓரகத்தி ஷோபா எடுக்கட்டும் என்று முடிவானதும் பார்வதம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? குடத்தைத் தலையில் பிடிக்க இரண்டு கையும் மேலே போக வேண்டும். அவள் வலது தோளோ பூட்டிக்கொண்டு கிடந்தது.

ராபர்ட்சன்பேட்டை டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிட்டது, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். முதலில் வலிக்கும், பிறகு இறுகும், அப்புறம் மெல்ல விடும், வருஷக்கணக்கில்கூட ஆகலாம். விரல்களைச் சுவரில் மேலே நடத்துங்கள், வலியை மீறி இழுக்காதீர்கள் என்றார்.

புருஷன் காத்தவராயன் சுரங்கத் தொழிலாளி மகனாயிற்றே, சுவரில் பத்துக் கரிக்கோடு கிழித்தார். சுரங்கத்தில் ஆழத்தை எண்ணுவதுபோல மேலேயிருந்து எண்ணிக்கை: உச்சியில் முதல் லெவல், அடியில் பத்தாவது. பார்வதம்மாவின் விரல்கள் தவழ்ந்து தவழ்ந்து ஏழாவதுக்கு வந்திருந்தன. வேலையிலிருந்து திரும்பிய ஷோபா, இதென்ன என்று சிரித்தபடி கையை நீட்டி முதல் லெவலைத் தொட்டுவிட்டுப் போனாள். சண்டாளி! அவள் தலை மறைந்ததும் பார்வதம்மா இடது கையால் வலது கையைப் பிடித்து மேலே தள்ளினாள். உயிர் போகிற வலி. அதற்கப்புறம் கை பத்தாவதைத் தாண்டவில்லை.

திருவிழா அன்று காலை சீப்பை வைத்துக்கொண்டு கொண்டை போட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் புடவையில் வந்த ஷோபா சீப்பை வாங்கிச் சீவ ஆரம்பித்தாள். உதவி செய்ய இவள்தானா கிடைத்தாள் என்று பார்வதம்மாவுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"உனுக்கு இன்னா, கைய வீசிக்கினு சுத்தற. முடியக்கூட பெங்களூர் ஸ்டைலா வெட்டிக்கின."

சீப்பு நின்றது.

"ஸ்டைலுக்கு இல்லக்கா. ரெண்டு வருசம் முன்னாடி எனுக்கும் இதே தோளுதான். ஜட போட கை ஏறல. யார கேக்கறது? அதான் வெட்டிக்கினேன்."

அப்போது ஷோபா தோள் வலி என்று சொன்னது பார்வதம்மாவுக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் தூக்காமல் இருக்க நடிக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் பார்வதம்மாவேதான்.

கொண்டை முடிந்தது. ஷோபா குடத்தைத் தலைக்கு ஏற்றினாள். பார்வதம்மா அந்தத் தோளையே பார்த்தாள்.

"வலிச்சா சொல்லு, எறக்கிக்கலாம்," என்றாள். பிறகு மனசு கேட்காமல், "வர்ற வருசம் கொடம் என்னுது," என்றும் சொன்னாள்.