மஹாஃபி பக்கத்தில் நின்றவர்

பழைய பேஸ்பால் பத்திரிகைப் படங்கள் சேர்க்கிறவன் நான். அச்சுக்காக அந்தக் காலத்தில் பூசிய சாயத்தைக் கழுவித் துடைத்துப் பளிச்சென்று ஆக்கும் அசடுகளை டேட்டன் ஊர்க் கண்காட்சியில் நாலு பேர் முன்னால் திட்டியிருக்கிறேன். பூச்சு போனால் அப்புறம் அது என்ன பத்திரிகைப் படம்?

அதே கண்காட்சியில் ஒரு சனிக்கிழமை, என் விற்பனை மேஜையில் 1912ஆம் வருஷத்து மஹாஃபி படம் இருந்தது. பந்துவீச்சாளர் மஹாஃபி அதில் தனியாக நிற்பார். பக்கத்தில் நின்றவரைச் சாம்பல் சாயத்தால் மறைத்துவிட்டார்கள். மஹாஃபியின் தோளில் அவருடைய நாலு விரல்கள் மட்டும் மிச்சம். பின்பக்கம் ஒட்டிய சீட்டில் ‘கேட்சர் விங்க்லர்’ என்று, பந்து பிடிக்கிறவரின் பெயரை எழுதி நீலப் பென்சிலால் அடித்திருந்தார்கள்.

லுவெல்லா என்ற அம்மாள், எழுபது தாண்டியிருக்கும், அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு நகரவே இல்லை.

“எங்கப்பாங்க இந்த விங்க்லரு. நான் வயித்துல இருக்கறப்பவே பதிமூணாம் வருஷத்து வெள்ளத்துல போயிட்டாரு. வீட்டுல இருந்த படமெல்லாம் அதோட போச்சு. சுண்டுவிரல் கோணல்னு அம்மா சொல்லுவாங்க. மூஞ்சி எப்படின்னே தெரியாது.”

“சும்மாவே எடுத்துட்டுப் போங்கம்மா. விரலாவது இருக்கட்டும்.”

“விரலை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?”

பக்கத்து மேஜை கிளைட் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். “எமில், வேணாம்டா! ஊரையெல்லாம் திட்டிட்டு இப்ப நீயே கழுவப் போறியா?”

“உன் வியாபாரத்தைப் பாருடா!” என்று கத்தினேன். பிறகு அந்த அம்மாளிடம் உள்ளதைச் சொன்னேன். “சில சமயம் மூஞ்சியைப் பிளேடால சுரண்டிட்டுத்தான் பூசுவாங்க. கீழ ஒண்ணுமே இல்லாமலும் போகலாம்.”

“இல்லைன்னாலும் தெரிஞ்சுக்கறேன். துடைங்க.”

பஞ்சை நனைத்து விரலிலிருந்து ஆரம்பித்தேன். கை வந்தது, தோள் வந்தது, மோவாய் வந்தது. கடைசியில் முழு முகமும் வந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு, ஆனால் இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன.

“அட, கண்ணை மூடிட்டாரே! அதான் பூசி மறைச்சுட்டாங்க” என்றான் கிளைட்.

பாவி, இத்தனை வருஷம் கழித்து இப்படியா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து தன் கல்யாணப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதிலும் வாய் நிறையச் சிரிப்பு, இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

“என்னைத் திட்டாத கேமராக்காரனே கிடையாதுங்க” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “யாரைக் கொண்டு பொறந்திருக்கேன்னு இப்பத்தான் தெரியுது.”