அடையாளம் வைக்காத மரம்

மான் படுத்திருந்த இடத்தில் ஆர்வில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். காய்ந்த புல் நீள்வட்டமாக அமுங்கியிருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை. அவன் வரும் சத்தம் கேட்டுத்தான் எழுந்து போயிருக்கிறது. அதிக தூரம் போயிருக்காது.

ஆறு அந்த இடத்தில் குதிரை லாடம்போல் வளைந்து திரும்புகிறது. வளைவின் நுனியில் ஒரே ஒரு மேடு, மேட்டில் விழுந்து கிடக்கும் ஒரு பெருமரம். மானின் முதுகுக்கு அந்த மரம் காவல். பின்னால் வருகிறவனை மூக்கு பார்த்துக்கொள்ளும், முன்னால் வருகிறவனைக் கண் பார்த்துக்கொள்ளும். இந்தக் கிழட்டுக் கொம்பன் மூன்று வருஷமாக ஊரையே ஏமாற்றிய ரகசியம் இவ்வளவுதான். காற்றின் திசை பார்க்க ஆர்வில் சட்டைப்பையிலிருந்து காட்டுப்பஞ்சு ஒரு இழையைக் கிள்ளி விட்டான். அது ஆற்றைப் பார்க்கப் போனது, நின்றது, யோசித்தது, வளைந்து அவன் காதோரமாகவே திரும்பி வந்தது. வானிலை அறிக்கையை நம்பி வில்லோடு வந்தவன் ஒருவனுக்கும் இது தெரிந்திருக்காது. வரும் நவம்பரில், வேட்டை தொடங்கும்போது, ஏறி உட்கார அவன் ஒரு மேப்பிள் மரத்தைத் தேர்ந்தான். ஆணியில்லை, ரிப்பனில்லை, பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. அடையாளம் வைப்பது அடுத்தவனுக்கு வைக்கும் விருந்து.

அந்த ஊர் ஆண்கள் வண்டிச் சாவியைக் கேட்டால் தருவார்கள். வேட்டையிடத்தைக் கேட்டால் சிரித்துக்கொண்டே பொய் சொல்வார்கள். மனைவியின் அண்ணன் ராய்ஸ் நேற்று அவன் வீட்டு மேசையில், வாய் நிறைய ஆப்பிள் பை வைத்துக்கொண்டு, நாளைக்கு எந்தப் பக்கம் என்று விசாரித்தபோது, ஆர்வில் கண்ணிமைக்காமல் வடக்குப் பாலத்துச் சரளைக்குழி என்றான். மனைவி நதீனும் அதையே நம்பினாள். பொய்க்குச் சாட்சியாக வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு பழைய சைக்கிளில் ஆறேழு மைல் தெற்கே வந்திருந்தான். சைக்கிள்கூடப் பள்ளத்தில் புல்லுக்கடியில் இருந்தது.

திரும்பும்போது வளைவின் குறுகிய கழுத்தில், வெளியேறும் ஒரே வழியில், தண்ணீர் நின்றது. காலையில் பூட்ஸ் நனையாமல் தாண்டிய பழைய வாய்க்கால் அது. இப்போது பழுப்பு நீர், அதில் கதவுப்பலகை அளவுக்குப் பனிப்பாளங்கள். மேலாற்றில் எங்கோ, ஆற்றை அடைத்திருந்த பனிக்கட்டு உடைந்திருக்கிறது. கிளையொன்றை ஒடித்து ஆழம் பார்த்தான், இடுப்பளவு. இறங்கினான். இரண்டாம் அடியில் தரை இல்லை. நெஞ்சுவரை போய், ஒரு வேரைப் பிடித்து இறங்கிய கரைக்கே ஏறியபோது பல் தந்தியடித்தது. தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்த கைபேசி மட்டும் நனையவில்லை. குளிரில் அதன் பேட்டரியும் சாகக் கிடந்தது.

ராய்ஸ் முதல் மணியிலேயே எடுத்தான்.

“எங்கடா மாப்ள இருக்க? பனிக்கட்டு உடைஞ்சிருச்சுன்னு நதீன் அழுதுட்டுக் கெடக்கா. நான் படகோட இங்கதான் நிக்கிறேன், உன் வண்டிகிட்ட. குழி பூரா தண்ணி.”

“மச்சான், நான் அங்க இல்ல.”



“தெரியும்டா. பத்து வருஷமா நீ சொன்ன எடத்துல நீ என்னைக்கு இருந்த? எங்கன்னு சொல்லு.”

“தெற்கே.”

“தெற்க எந்த வளைவு?”

சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் கண் மேப்பிள் மரத்தின்மேல் போய் நின்றது. மூன்று வருஷம். உதடு விறைத்துப்போன நேரத்திலும் அவனுக்குள் பேரம் பேசுகிறவன் விறைக்கவில்லை.

“சொல்றேன். நவம்பர்ல நீ இங்க கால் வைக்கக் கூடாது. நதீன் மேல சத்தியம் பண்ணு.”

“செத்துக்கிட்டே பேரம் பேசுறியாடா, பரதேசி? சரி, சத்தியம். சொல்லித் தொலை.”

“சாய்ஞ்ச சிக்கமோர்...” என்று ஆரம்பித்தபோது காதருகே ஒரு சிறு ஓசை கேட்டது. திரை கறுத்துவிட்டது. எந்த வார்த்தைவரை போய்ச் சேர்ந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெற்கே வளைவுக்கா பஞ்சம்? சிக்கமோர் மரமோ எல்லா வளைவிலும் சாய்ந்துதான் நிற்கிறது.

தண்ணீர் புல்லைத் தின்றுகொண்டே வந்தது. அவன் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியில் அந்த மேட்டுக்கே வந்தான். கொம்பனும் வந்திருந்தது, விழுந்த மரத்தின் மறுபக்கம். குளிர்கால முடிவில் கொம்பு உதிர்ந்த தலையோடு அவனைப் பார்த்தது, ஓடவில்லை. ஓட இடமில்லை.

பையின் அடியிலிருந்து ஆரஞ்சு நிற மேல்சட்டையை உருவினான். விரல்கள் மடங்க மறுத்தன. மேப்பிளின்மேல் தொற்றி, எட்டிய கடைசிக் கிளைவரை ஏறி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். ஆற்றின் இரு கரைக்கும் தெரியும்படி அது படபடத்தது.

அப்போது படகு மோட்டாரின் சத்தம் கேட்டது. மேலாற்றிலிருந்து வருவதுபோல் கேட்டது, நின்றது, பிறகு கீழாற்றிலிருந்து, பிறகு அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து. ஆர்வில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மானின் காதுகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பார்த்தான். ஒரு காது மேலாற்றுப் பக்கம், ஒரு காது கீழாற்றுப் பக்கம்.