காயப் போட்ட அட்டை

ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் மருமகள் அந்த எச்.ஐ.வி. ஆராய்ச்சியில் சேர்ந்தாள். அவ்வப்போது விரலைக் குத்தி, அட்டையில் இருக்கும் ஐந்து வட்டங்களில் ரத்தச் சொட்டு வைத்துத் தபாலில் அனுப்பினால் போதும். "வீட்டுலயே செய்யலாம்மா, ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் நர்ஸ். வீடு என்றால் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும், மாமியார் இருக்கமாட்டாள் என்று நினைத்துவிட்டார்கள், புண்ணியவான்கள்.

இங்கே இருந்தது ஓர் அறை, ஒரு திரை, ஒரு மாமியார். மகன் மஞ்சள் காமாலையில் போனான் என்று இன்றும் நம்புகிற மாமியார். உண்மை தெரிந்தால் அன்றைக்கே மருமகளின் துணிமணி தெருவில் கிடக்கும். அவளுக்குப் போக வேறு இடமில்லை.

மூன்று வட்டம் நிறைந்ததும் விரலில் ரத்தம் நின்றுவிட்டது. அட்டை அரை நாள் திறந்தபடி காய வேண்டும். பிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"என்னடி இது?"

"சுகர் டெஸ்ட் அத்தை."

"இந்த வயசுல சுகரா? உங்க அம்மா வீட்டுச் சீதனம் அது ஒண்ணுதான்!"

வேலை முடிந்து வந்து பார்த்தால் ஐந்து வட்டமும் நிறைந்திருந்தன. மாமியார் தையல் ஊசியால் தன் விரலைக் குத்தியிருந்தாள்.

"சும்மாதானே கிடந்துச்சு? எனக்கும் பாக்கச் சொல்லு. ஓயாம தாகம், காலு மரத்துப் போகுது."

மருமகள் அந்த அட்டையை எரித்துவிட்டு, கூடவே வந்த இன்னோர் அட்டையில் தன் ரத்தத்தை அனுப்பினாள். மாமியார் விடவில்லை, தினமும் கேட்டாள்.

"டாக்டர்கிட்டயே காட்டிடலாம் அத்தை."

"அப்ப என் ரத்தம் எங்க போச்சு? நம்பரக் குடு, நானே கேக்கறேன்."

அந்த எண்ணில் போனை எடுப்பவர்கள் முதலில் சொல்வதே ஆராய்ச்சியின் பெயரைத்தான்.

"வந்துடுச்சு அத்தை. நார்மல்."

அதன்பிறகு மாமியார் இனிப்பைக் கண்டால் வாயைக் கட்டவில்லை. செருப்பு கடித்த புண்ணுக்கு மஞ்சளைத் தடவிக்கொண்டு, "எனக்குத்தான் சுகர் இல்லையே" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாள். புண் கறுத்தது. அந்த நார்மல் பொய் என்று வாயைத் திறந்தால் மருமகளுக்குத் தெரு, மூடினால் மாமியாருக்குக் கால். மருமகள் மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சுகர் என்று சொன்ன டாக்டரை மாமியார் வைதது வார்டு முழுக்கக் கேட்டது.

"என் மருமக பாத்தா, நார்மல்னு வந்துச்சு. நல்ல காலை அறுத்துட்டான் பாவி!"

டாக்டர் நகர்ந்ததும் மருமகளைக் கிட்டே கூப்பிட்டு விரலை நீட்டினாள்.

"அந்த அட்டை இருக்காடி? இவனுங்கள நம்ப முடியல. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஆராய்ச்சிக்கு அடுத்து அனுப்ப வேண்டிய அட்டை மருமகளின் கைப்பையில் இருந்தது. வெளியே எடுத்தாள். மாமியாரின் விரலைப் பிடித்து ஐந்து வட்டத்தையும் நிரப்பினாள்.

"நார்மலாத்தான் இருக்கும் அத்தை" என்றாள்.