கொதிக்கும் பெட்டி

திரையில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு பாதி வழியில் வந்து படுத்துக்கொண்டது. ஜெயசித்ரா அதைப் பார்த்தபடியே ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

வெட்டி ஒட்டிய கல்யாணத்தை ஒரே படமாகச் சேர்த்து முடிக்கிற கோடு அது. விடிந்ததிலிருந்து இதே கதைதான். ஒவ்வொரு தடவையும் கோடு நல்லபடியாகத்தான் கிளம்பும். பெண் அழைப்பைத் தாண்டும், முகூர்த்தத்தைத் தாண்டும். பந்தியில் இலை போடுகிற இடத்துக்கு வந்ததும் திரையின் மூலையில் தெரிகிற சூட்டு எண் நூறை எட்டிப் பார்க்கும். உடனே கம்ப்யூட்டர் தன் ஓட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று சொன்ன அதே திரை, நாளைக்குத்தான் முடியும் என்று சொல்லும். உள்ளே இருக்கிற சில்லு கருகிப்போகாமல் இருக்கத் தானே செய்துகொள்கிற காரியம் அது. சூடு தாங்கவில்லை என்றால் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். மனுசருக்கு அந்த வசதியை யாரும் வைத்து அனுப்பவில்லை.

போன் அடித்தது. ஸ்டுடியோக்காரர் வேல்ராஜ்.

"சித்ரா, என்னம்மா ஆச்சு?"

"ஓடுது அண்ணாச்சி. மெதுவா ஓடுது."

"மெதுவான்னா? மாட்டுவண்டி கணக்கா, நத்தை கணக்கா?"

அவள் சூட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டாள்.

"நான் சொல்லுததக் கேளு. இன்னைக்கு ராத்திரி புளியங்குடியில விருந்து. பெரிய திரை கட்டி கல்யாணப் படத்தப் போடணும்னு நிக்காவ. விடிஞ்சா பொண்ணும் மாப்பிள்ளையும் துபாய்க்குப் போயிருவாவ, அப்புறம் யாருக்குப் படம் காட்ட? சாயந்தரம் ஆட்டோ பிடிச்சு வாரேன். படம் ரெடின்னா படத்த வாங்கிட்டுப் போறேன். இல்லன்னா பெட்டியத் தூக்கிட்டுப் போறேன். கோவில்பட்டில ஒருத்தன் இதே வேலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"சரி அண்ணாச்சி."

"எதுக்குச் சரி?"

"ரெண்டுக்கும்தான்."

கம்ப்யூட்டர் பெட்டி ஸ்டுடியோவுடையது. வேல்ராஜின் அக்கா மகன் அருண்குமார் வீடியோ கேம் ஆட வாங்கி, கம்பெனிக்காரன் வைத்து அனுப்பிய வேகம் போதாதென்று தானே வேகத்தை ஏற்றி வைத்திருந்தான். அவன் வேலை கிடைத்து மெட்ராஸ் போனதும் பெட்டி ஸ்டுடியோவுக்கு வந்தது. ஸ்டுடியோவில் இடமில்லாமல் ஜெயசித்ராவின் வீட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் அவள் தறிப்பட்டறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் கட்டையில் நூல் ஏற்றி ஏற்றி வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போயிருந்தது. இப்போது கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எல்லார் வீட்டு விசேஷத்தையும் வெட்டி ஒட்டிக் கொடுக்கிறாள். இதிலும் தோள் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பஞ்சு இருமல் இல்லை. யாரும் மேலே நின்று ஏவுவதில்லை. பெட்டி போய்விட்டால் அவள் மறுபடியும் பட்டறைக்குத்தான் போகவேண்டும். அங்கே அவள் உட்கார்ந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது என்று போன வாரம்கூட மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் அருண்குமாருக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, திரும்பவும் கொதிக்குதா?"

"இட்லி அவிக்கலாம் போல இருக்கு தம்பி."

"சில்லுக்கும் மேல உக்காந்திருக்க கூலருக்கும் நடுவுல ஒரு பேஸ்ட் இருக்கும்லா, அது காஞ்சிருக்கும்."

"அதான் முந்தாநாளே ஃபேனோட கூலரத் தூக்கி மாத்திட்டேனே."

"டூத்பேஸ்ட் எதுவும் தேச்சிரலையே?"

"என்னப் பாத்தா ஒனக்கு எப்படித் தெரியுது?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துத் தகடைக் கழற்றி வைத்து மேசை ஃபேனைப் பெட்டிக்குள் திருப்பி வைத்ததையும், ஈரத்துணி நனைத்துச் சன்னலில் கட்டியதையும் வரிசையாகச் சொன்னாள். அதெல்லாம் கொஞ்ச நேரம் தாங்கியது. பந்திக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

"பேசாம நீ ஏத்தின வேகத்த எறக்கிரட்டுமா?"

"எறக்கலாம்க்கா," என்றான், ஆசையாக வளர்த்த கிடாவை விற்கச் சொன்னது மாதிரி. "ஆனா ஒண்ணு. நான் ஏத்தினப்பவும் இதே சித்திரை வெயில்தான். அப்ப இப்படிக் கொதிக்கல. எங்கயோ காத்து அடைச்சிருக்கு. கூலர்ல இருக்க ஃபேனக் கழத்திப் பாத்தியளா?"

"அதப் பிடிச்சிருக்க கம்பியப் பாத்தா பயமா இருக்கு. ஒடிஞ்சிட்டா உங்க மாமாவுக்கு யாரு பதில் சொல்ல?"

"ஒடியாது. பெருவிரல வச்சு அமுக்கி வெளிய இழுங்க. மூஞ்சியக் கிட்ட கொண்டு போயிராதிய, தெறிக்கும்."

அவள் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைக் கட்டிலில் சாய்த்தாள். கூலர் என்பது கோபுரம் மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக, அதன் முகத்தில் ஒரு ஃபேன். தகடுகளின் ஊடே காற்று புகுந்து வெளியே போனால்தான் சூடு போகும். ஃபேனின் முன்பக்கத்தை அவள் தினமும் துடைப்பாள். பின்பக்கத்தை இதுவரை பார்த்ததில்லை. கம்பியை அமுக்கினாள். டக்கென்று ஒரு சத்தம். ஃபேன் கையோடு வந்தது.

தகடுகளே தெரியவில்லை. அடை சுட்டு ஒட்டியது போல ஒரு படலம் முகம் முழுக்க மூடியிருந்தது. பின்தெருத் தறிகளிலிருந்து வருகிற பஞ்சுத் தூசி என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் பஞ்சு வெள்ளையாக அல்லவா இருக்கும். இது செம்மண் நிறத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டி விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். மாவு போல நைந்தது. இந்த நைப்பு அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும்.

சாமி படத்துக்குக் கீழே கோயில் புற்றுமண் பொட்டலம் இருந்தது. அவள் எழுந்துபோய் அதைப் பிரித்துப் பார்த்தாள். அதே மண்தான். பூச்சி பொட்டு அண்டக்கூடாதென்றும் சொறி சிரங்கு ஆறவேண்டுமென்றும் ஊரில் எந்த வீட்டிலும் இந்தப் பொட்டலம் இருக்கும். அவள் வீட்டுப் பொட்டலம் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது.

மாமியார் பிச்சம்மாள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இந்தப் பெட்டிக்குள்ள மண்ணு எதுவும் போட்டியளா?"

பிச்சம்மாள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒரு சிட்டிகை. அந்தச் சல்லடை மாதிரி இருக்குல்லா, அது வழியா."

"எதுக்கு?"

"தை மாசம் அந்த வயருக்கு அடியில ஒரு பூரான் ஓடுச்சு. இவ்வளவு நீளம். நீ அங்கனயே காலத் தொங்கப் போட்டுக்கிட்டு, காதுல அதையும் மாட்டிக்கிட்டு, திரையவே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்க. கால்ல ஏறினாக்கூட ஒனக்குத் தெரியப் போறதில்ல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா? ஆயுத பூசைக்குத் திரையில ஒரு பொட்டு வச்சதுக்கே நீ ஒரு நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த."

ஜெயசித்ரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கோபம் வரவேண்டிய இடம்தான் இது. தேடிப் பார்த்தாள். காலையிலிருந்து நிமிராத முதுகுதான் வலித்தது, வேறொன்றும் வரவில்லை. ஃபேன் மண்ணை இழுத்திருக்கிறது, பஞ்சு அதைப் பிடித்து வைத்திருக்கிறது, புழுக்கக் காற்றின் ஈரத்தில் இரண்டும் இறுகியிருக்கின்றன. அவ்வளவுதான் நடந்தது.

"மண்ணு காத்த அடைச்சிருச்சு அத்தை. அதான் கொதிக்கு. சாயந்தரம் அண்ணாச்சி பெட்டியத் தூக்க வாராவ."

பிச்சம்மாளின் கை நின்றது. "அப்ப நாந்தான் கெடுத்தேனா?"

"அதச் சொல்ல இப்ப நேரமில்ல."

லென்ஸ் துடைக்கிற தூரிகை ஒன்று வேல்ராஜ் கொடுத்தது இருந்தது. அதை எடுத்து ஜெயசித்ரா தகடுகளைச் சுரண்ட ஆரம்பித்தாள். முதல் கட்டி பெயர்ந்து கட்டிலில் விழுமுன்னே பிச்சம்மாள் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கால் படுத எடத்துல கொட்டிராத."

வேலை முடிகிறவரை அவள் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வெங்காய வாடை அடித்தது. தகடு தகடாக, அடுக்கு அடுக்காகச் சுரண்டவேண்டியிருந்தது. அழுத்தினால் தகடு வளையும், அழுத்தாவிட்டால் மண் வராது. நடுவில் ஒரு தடவை ஜெயசித்ரா தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பிச்சம்மாள் தட்டைக் கீழே வைக்காமலே இன்னொரு கையால் அந்தத் தோளை இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு, "ம், பாரு," என்றாள்.

ஃபேனை மாட்டிப் பெட்டியை உயிர்ப்பித்தபோது சூட்டு எண் இறங்கித்தான் இருந்தது. கோடு கிளம்பியது. எண் எண்பதுக்கு மேல் போய், அங்கேயே ஆடிக்கொண்டு நின்றது. முந்தி இருந்ததை நினைத்தால் இது எவ்வளவோ மேல். ஆனாலும் அவளுக்கு அந்த ஆட்டத்தில் நம்பிக்கை வரவில்லை. சாயங்கால வெயில் இன்னும் மேற்குச் சுவரில் ஏறவே இல்லை. இனி ஒரு தடவை பந்தியில் வந்து படுத்தால் திரும்ப எழுப்ப நேரம் கிடையாது.

அவள் கோட்டை நிறுத்தினாள். பெட்டியை அணைத்து மறுபடி போட்டு, அது கண் விழிக்கிற நேரத்தில் ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தாள். உள் அமைப்புத் திரை வந்தது. அருண்குமார் ஏற்றியிருந்த வேகம் சிவப்பு எழுத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, கம்பெனிக்காரன் வைத்த பழைய வேகத்துக்கே திருப்பினாள். பிறகு முதலிலிருந்து ஓடவிட்டாள்.

கோடு ஊர்ந்தது. சூடு எழுபதைத் தொடவில்லை. பெண் அழைப்பு, முகூர்த்தம். பந்தியில் இலை போட்டார்கள், சோறு வந்தது, சாம்பார் வந்தது. பாயசமும் வந்துவிட்டது. கோடு நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் என்று திரை சொன்னது. சொன்ன சொல்லை மாற்றவும் இல்லை. அவள் மேசை மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஆட்டோச் சத்தம் கேட்டு எழுந்தபோது கன்னத்தில் விசைப்பலகையின் தடம் பதிந்திருந்தது. கோடு முக்கால்வாசி தாண்டியிருந்தது.

வேல்ராஜ் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். பெட்டியைக் கட்டிப் போக ஒரு பழைய போர்வையும் கொண்டுவந்திருந்தார்.

"முடியல?"

"முடியப் போகுது அண்ணாச்சி. கொஞ்ச நேரம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"நீங்க காபி குடிச்சிட்டு, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காவளான்னு அத்தைகிட்ட கேட்டு முடிக்கதுக்குள்ள."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து போர்வையை மடியில் வைத்துக்கொண்டார். ஊர்கிற கோட்டையே முறைத்தார். "என்ன இப்படி ஊருது? என் மருமவன் ஏத்தி வச்ச வேகமெல்லாம் எங்க போச்சு?"

"எறக்கிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்க நேரமில்ல அண்ணாச்சி."

"என்னதான் கோளாறு?"

"தூசி," என்றாள் ஜெயசித்ரா. "தறித் தூசி."

"தூசியுமில்ல மண்ணுமில்ல," என்று காபியோடு வந்த பிச்சம்மாள் சொன்னாள். சொன்ன பிறகு தானே திருத்திக்கொண்டாள். "மண்ணுதான். கோயில் புத்துமண்ணு. நாந்தான் போட்டேன்."

வேல்ராஜ் டம்ளரை வாங்கவில்லை. "கம்ப்யூட்டருக்குள்ளயா?"

"இவ கால் அங்கனதான கெடக்கு. பூரான் கடிச்சா நீங்களா தம்பி வந்து பாப்பிய?"

கோயில் மண்ணை என்னவென்று திட்டுவது என்று வேல்ராஜுக்குத் தெரியவில்லை. அவர் நெற்றியிலும் காலையில் பூசிய அதே மண்ணின் கோடு வேர்வையில் கரைந்து கிடந்தது. டம்ளரை வாங்கிக் குடித்தார். வீட்ல எல்லாரும் நல்லா இருக்காவளா என்று கேட்டார். இருக்கோம் என்றாள் பிச்சம்மாள். பிறகு மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோடு கடைசி முனையைத் தொட்டு மறைந்தது. ஜெயசித்ரா படத்தை ஓட்டிக் காட்டினாள். தாலி கட்டுகிற இடத்தில் பெண் தலையைக் குனிந்தபடி கொட்டாவி விடுவதை அவள் வெட்டி எடுத்திருந்தாள். வேல்ராஜுக்கு அது தெரியாது. அவர் தலையாட்டிவிட்டுப் பென்டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் மாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். ஜெயசித்ராவின் கை தன்னை அறியாமல் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தது.

அவர் போர்வையைக் கட்டிலில் போட்டார். "இங்கனயே கெடக்கட்டும். தூக்கிச் செமக்க எனக்கும் தெம்பில்ல." இன்னொரு பையிலிருந்து இரண்டு மெமரி கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். "கரிவலத்துல ஒரு சடங்கு, இளையரசனேந்தல்ல ஒரு கல்யாணம். திங்கக்கெழம வேணும்."

ஆட்டோ போனது. ஜெயசித்ரா கார்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் என்று ஒன்று வந்ததா என்றால் வந்தது. அதுவும் களைத்துப்போய்த்தான் வந்தது. முதல் கார்டைச் செருகினாள்.

பிச்சம்மாள் எவர்சில்வர் தட்டோடு வந்து மேசையடியில் குனிந்தாள். பெட்டியைத் தொடவில்லை. சுரண்டி எடுத்த மண்ணைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்து, பெட்டியைச் சுற்றியும் நாற்காலியைச் சுற்றியும் தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

"காலத் தூக்கு," என்றாள்.

ஜெயசித்ரா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காலைத் தூக்கிக்கொண்டாள்.