அரசியின் தங்கை

அக்காவின் வாய் மேசைமேல் இருந்தது. மேல்தாடையும் கீழ்த்தாடையும் பிளாஸ்டரில் வார்க்கப்பட்டு, திறந்து மூடுகிற மாதிரி ஒரு கீல் சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின்மேல் ரோஜா நிற மெழுகைக் கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தாள் தங்கை. இருபது வருடமாக இதுதான் அவளுக்குப் பிழைப்பு. டாக்டர் முன்னறையில் பிடுங்குவார், இவள் பின்னறையில் நடுவாள்.

சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. ராஜாக்களும் பறக்கும் மிருகங்களுமாக ஐந்து தடித்தடி பாகங்கள் வந்துவிட்ட ஒரு கதை. அதைப் பிரித்து மேய்வதற்கென்றே நாலாயிரம் பேர் கொண்ட ஒரு குழு கைப்பேசியில் இருந்தது. அங்கே அவள் பெயர் கடைவாய். அரசியின் தங்கை தங்கையே அல்ல, அரசி பெற்ற மகள் என்று முதலில் எழுதியவள் அவள்தான். அந்தத் தங்கை பிறந்த நேரத்தை அரசியின் தாய்க்கிழவி பாகத்துக்கு ஒன்றாகச் சொல்கிறாள், அரசி மட்டும் எப்போதும் ஒரே நேரத்தைச் சொல்கிறாள், கவனித்தீர்களா என்று கேட்டிருந்தாள். மறுத்துப் பேச வந்தவர்கள் மூக்குடைபட்டுத் திரும்பினார்கள். கடைசிப் பாகம் இன்று வெளியாகிறது.

இந்தக் கண் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று குழுவில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் அக்காவுக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். அவள் பிறந்த வருடம் அக்கா படிப்பை நிறுத்திவிட்டுப் பெரியம்மா வீட்டில் இருந்தாள். கேட்டால் மஞ்சள் காமாலை என்பார்கள். அம்மா சாகும்வரை இவள் பிறந்த நேரத்தை மாற்றி மாற்றித்தான் சொன்னாள். அக்காவைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், விடியற்காலை நாலு பத்து, வெளியே மழை என்று.

அக்கா அடுத்த வாரம் மகனோடு இருக்கக் கடல் கடந்து போகிறாள். இனி திரும்பி வருவாளா என்பது சந்தேகம். போவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

"உங்க அக்காதானே, நீங்களே வச்சுப் பாத்துடுங்க," என்று டாக்டர் சாப்பிடப் போய்விட்டார். பல்லை வைத்துப் பார்க்க வந்திருந்த அக்கா முன்னறை நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். தங்கை மெழுகுப் பற்களை உள்ளே வைத்தாள்.

"மெதுவா மூடு. மெழுகுதான், அழுத்திடாத."

பிறகு அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். வாயை அடைத்து வைத்துவிட்டுப் பேசுவது கோழைத்தனம் என்று தெரிந்தேதான் செய்தாள். அரசி, தாய்க்கிழவி, பிறந்த நேரம், இளவரசியாக இருந்தபோது அரசி காணாமல் போன ஒரு வருடம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு மட்டும் புடைத்து நின்றது. பேச்சு முடிந்ததும் பற்களைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த அரசி அதை ஒத்துக்கிட்டாளா?"

"இன்னும் இல்ல. கடைசிப் பாகத்துல ஒத்துக்குவா."

"அவ சொல்ல வேணாம்னு வச்சிருந்ததை நீங்க எதுக்குத் தோண்டுறீங்க?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேணாமாக்கா?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பல்லில்லாத வாய் உள்ளே ஒடுங்கி, முகம் பத்து வயது கூடித் தெரிந்தது.

"அம்மா கையப் புடிச்சிட்டு நான்தான் இருந்தேன். அதான் நேரம் தெரியும். போதுமா?" என்றாள். பிறகு, "உனக்குத் தலை வாரி விட்டேன், படிக்க வச்சேன், உன் பிரசவத்துக்கு ரெண்டு மாசம் வந்து கெடந்தேன். அக்காவா இருந்து செஞ்சது உனக்குப் பத்தலையா?"

தங்கைக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆமாம், பத்தவில்லை. அக்கா மடியிலிருந்த பற்களை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இதை எத்தனை பேர்ட்ட சொல்லியிருக்க?"

"கதையைத்தானே சொன்னேன். நாலாயிரம் பேர் படிச்சாங்க."

அக்கா எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "பல்லு ரெடியானதும் யார்ட்டயாவது குடுத்தனுப்பு. நான் வரல." பிறந்த நாளிலிருந்து கூப்பிட்டு வந்த 'பாப்பா'வை அந்த வாக்கியத்தில் காணோம்.

பின்னறைக்கு வந்தபோது கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தபடி நகர்ந்துகொண்டிருந்தது. கடைசிப் பாகத்தை யாரோ அதற்குள் படித்து முடித்திருந்தார்கள். அரசி சாகும் முன் மகளை அழைத்துச் சொல்லிவிடுகிறாளாம், முப்பதாம் அத்தியாயத்தில். 'கடைவாய், நீங்க சொன்னது அப்படியே நடந்திருக்கு,' 'எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?' பாராட்டுகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன.

அவள் மெழுகுப் பற்களைச் சட்டத்தில் வைத்து மூடிப் பார்த்தாள். முன்னைப் போல் பொருந்தவில்லை. பின்பற்கள் இரண்டு பக்கமும் மெழுகுக்குள் புதைந்து கிடந்தன. கதை கேட்ட அத்தனை நேரமும் அக்கா கடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். படம் எடுத்துப் போட்டால் குழு கொண்டாடும் ஆதாரம். ஆனால் வெறும் கோபத்திலும் ஒருத்தி அப்படிக் கடிக்கலாம்.

ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்துக் கத்தியைச் சூடாக்கினாள். புதைந்த பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தட்டில் வைத்தாள். பிறகு குனிந்து, கடி பட்ட இடத்தை உருக்கி, தடம் தெரியாமல் வழிக்கத் தொடங்கினாள்.