அந்தமானுக்கு வாங்கிய தொப்பி

திருப்பதியில் குடியிருக்கும் ஒருவனால் தன் வீட்டுக் கதவைத் தன் விருப்பப்படி சாத்திக்கொள்ள முடிகிறதென்றால், அவனுக்கு உறவினரே இல்லை என்று பொருள். கோகுலகிருஷ்ணனுக்கு அரக்கோணம் நிறைய உறவினர். பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, ஹரிப்ரியாவை மணந்து, திருப்பதி கொர்லகுண்டாவில் இரண்டறை வீடு பிடித்த நாள் முதலாக, மலைக்கு வருவோர் எல்லாரும் அங்கேதான் இறங்கினர். முன்கூட்டிக் கேட்கும் வழக்கமே இல்லை. "சாமியப் பாக்க வரோம்" என்றபின் மறுக்க யாருக்கு வாய் வரும்? மணமக்கள் கூடத்தில் பாய் விரித்தனர். படுக்கையறையில் ஒன்றுவிட்ட பெரியப்பா குறட்டை விட்டார். இப்படியே இரண்டாண்டு போயிற்று.

ஆகவே, அந்தமான் பயணத்தை இருவரும் களவு செய்பவரைப்போலத் திட்டமிட்டனர். கடலைப் பார்த்த தனிக் குடில், படியிறங்கினால் மணல். ஹரிப்ரியா கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"பாருங்க, பக்கத்துல ஒரு வீடுகூட இல்ல."

அவளுக்குக் கடல்கூட இரண்டாம்பட்சந்தான். அகன்ற விளிம்பும் நீல நாடாவும் வைத்த ஓலைத் தொப்பி ஒன்றை வாங்கிவந்து, அதை அணிந்தபடியே அடுப்படியில் தோசை வார்த்தாள்.

மனைவியோடு கடற்கரைக்குப் போகிறேன் என்று தந்தையிடம் சொல்லக் கோகுலகிருஷ்ணனுக்கு நாக்கூசியது. "தை மாசக் கடைசில ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன் நைனா" என்பதோடு நிறுத்திக்கொண்டான். மிச்சத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

சில நாளில் தந்தை வேங்கடாசலம் தொலைபேசியில் அழைத்தார். ஹரிப்ரியாவும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தான்.

"கோகுலு, வேலை முடிஞ்சிதுடா. நீ லீவுன்னு சொன்ன இல்ல, அந்த வாரமா பாத்து நம்ம ஆளுங்க எட்டு பேருக்குத் தரிசனம் போட்டுட்டேன். காலைலேர்ந்து கம்ப்யூட்டர் முன்னாடியே குந்திக்கினு இருந்தேன்."

"நைனா, அந்த வாரம்..."

"அந்த வாரந்தாண்டா. நீ இருந்தாத்தான எல்லாரையும் கூட்டிக்கினு போவ? உங்க அத்தைக்கு முட்டி வலி வேற."

"வேற தேதிக்கு மாத்திக்க முடியாதா?"

"சாமி டிக்கெட்ட யார்ரா மாத்தித் தருவாங்க? பேரெல்லாம் ஏறிடுச்சி." அவர் குரல் தணிந்தது. "அது போவ உங்க ரெண்டு பேருக்கும் போட்டிருக்குது. ரெண்டு வருசமாச்சிடா. ஒரு பேரப்புள்ளயக் குடுப்பான்னு மொட்ட வேண்டிக்கினேன். உங்கம்மா நெனச்சி நெனச்சி அழுதுக்கினு கீது."

ஹரிப்ரியா கணவனின் முகத்தையே பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம்; அதைத்தான் அவள் எதிர்பார்த்தாள்.

"நைனா, எங்களுக்கு அன்னிக்கி வேற ஒரு..."

"வேற இன்னாடா?"



"ஒண்ணுமில்ல நைனா. பால் ஜாஸ்தி சொல்லி வெக்கறேன்."

அழைப்பு முடிந்தது.  ஹரிப்ரியா, "பேரப்புள்ள வேணுமாம். வீடு முழுக்க எட்டு பேரு படுத்துக்கினா எப்டிங்க பொறக்கும்?" என்றாள்.

"அத நைனாகிட்ட எப்டிச் சொல்றது?"

"அவர்கிட்ட சொல்லவேணாம். அந்தமான் ஓட்டல்காரன்கிட்டயாவது சொல்லுங்க, நாங்க வரலன்னு."

அதை மட்டும் அவன் உடனே சொன்னான்.

தை மாதக் கடைசியில் மலைமேல் வெயில் சுள்ளென்று அடித்தது. வேங்கடாசலம் மழித்த தலையில் சந்தனம் பூசி, அதன்மேல் அகன்ற விளிம்புள்ள ஓலைத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். புறப்படும்போது கொர்லகுண்டா வீட்டின் ஆணியில் அது மாட்டியிருப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டாராம். நீல நாடா அவர் காதோரம் ஆடியது. உறவினர் வாய்பொத்திச் சிரித்தனர், அவர் பொருட்படுத்தவில்லை.

"ஜில்லுன்னு கீதும்மா," என்றார் மருமகளிடம். "இவ்ளோ பெருசா எதுக்கு வாங்கன?"

ஹரிப்ரியா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அத்தையின் முழங்காலைப் பிடித்துவிடும் சாக்கில் குனிந்தவன், நிமிரவே இல்லை.

"வெயிலுக்குத்தான் மாமா," என்றாள்.